86.6 மி.மீ. புல்லிக்கு 94.5 மி.மீ. பேட்டர்ன்: ஒரு பட்டறைப் பதிவு

விடுமுறை நாள்களில் எங்கள் பட்டறைக்கு வரும் எட்டு மாணவர்களில், பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் ஒருத்தி, வீட்டுச் சோளத்தட்டு வெட்டும் இயந்திரத்தின் பெல்ட் ஓடும் சக்கரமான மோட்டார் புல்லி பிளந்துவிட்டதென்று, அதன் இரண்டு துண்டுகளையும் பழைய செய்தித்தாளில் சுற்றி எடுத்து வந்தாள். ஏ பிரிவு வி-பெல்ட்டுக்கான (ஆப்பு வடிவப் பெல்ட்டின் ஓர் அளவு வகை) புல்லியைக் கோவையில் ஒரு மணி நேரத்தில் வாங்கிவிடலாம். மாடுகளுக்குத் தீவனம் நிற்கக் கூடாது என்பதால், அன்றே புதியது ஒன்றை வாங்கி மாட்டச் சொல்லி அவளுடைய அப்பாவிடம் தெரிவித்தேன். உடைந்த துண்டுகளை மட்டும் பட்டறை மேசையில் வைத்துக்கொண்டோம். அதற்கு நிகரான ஒன்றை மரத்துண்டில் தொடங்கி, மண், உலை, லேத் என ஒவ்வொரு கட்டத்தையும் மாணவர்களின் கண் முன்னே கடந்து செய்து முடிக்க ஏழு வார இறுதிகள் ஆயின. அந்த வேலையின் பதிவு இது.

முதலில், அது ஏன் உடைந்தது என்று பார்த்தோம். வார்ப்பிரும்புப் புல்லியின் நடுக்குமிழில், சாவி (தண்டையும் புல்லியையும் சேர்த்துச் சுழலவைக்கும் சிறு உலோகக் கட்டை) அமரும் காடியின், அதாவது பள்ளத்தின், ஒரு மூலையிலிருந்து விரிசல் கிளம்பியிருந்தது. மூலை கத்தியால் வெட்டியதுபோல் கூர்மையாக இருந்தது. சாவியின் பக்கங்கள் தேய்ந்து, காடிக்குள் விரலால் ஆட்டினாலே அசைந்தது. மோட்டார் 1 குதிரைத்திறன், அதாவது சுமார் 0.75 கிலோவாட், நிமிடத்திற்கு ஏறத்தாழ 1440 சுற்று. கிலோவாட்டை 9550ஆல் பெருக்கிச் சுற்று எண்ணிக்கையால் வகுத்தால் முறுக்குவிசை கிடைக்கும்: சுமார் 5 நியூட்டன் மீட்டர். கேட்பதற்குச் சிறிய எண்தான். ஆனால் அந்த முறுக்குவிசை முழுவதும் 19 மி.மீ. தண்டின் விளிம்பில், மையத்திலிருந்து 9.5 மி.மீ. தொலைவில் உள்ள சாவியின் வழியாகத்தான் போக வேண்டும். 5ஐ 0.0095ஆல் வகுத்தால் 526 நியூட்டன். ஏறத்தாழ 53 கிலோ எடை அந்தச் சின்னச் சாவியின் பக்கத்தில் தொங்குவதற்குச் சமம். தடித்த தட்டு சிக்கிக்கொள்ளும் கணங்களில் இது பல மடங்காகும். சாவி தளர்ந்திருந்தால் ஒவ்வொரு முறையும் அது தள்ளுவதற்குப் பதிலாகச் சுத்தியலைப்போல் அடிக்கும். கூர்மூலையில் தகைவு குவியும். வார்ப்பிரும்பு நெகிழ்ந்து கொடுக்காது. புதிய புல்லியில் காடியின் மூலைகளைச் சற்றே உருட்டிவிட வேண்டும், சாவி இறுக்கமாக அமர வேண்டும் என்ற இரண்டு தேவைகளும் வரைபடம் போடுவதற்கு முன்பே மாணவர்களின் குறிப்பேட்டில் ஏறின.

வரைபடம்

பழைய புல்லியை அளந்து அப்படியே நகலெடுப்பதில் எனக்கு விருப்பமில்லை. ஏ பிரிவு பெல்ட்டின் மேல் அகலம் 13 மி.மீ., உயரம் 8 மி.மீ.; இந்த எண்களிலிருந்தே புல்லியின் மற்ற அளவுகள் பிறக்கின்றன என்பதை அவர்கள் காண வேண்டும் என்று நினைத்தேன். பிட்ச் விட்டத்தை, அதாவது வளையும்போது நீளம் மாறாத பெல்ட்டின் இடைக்கோடு அமரும் வட்டத்தின் விட்டத்தை, 80 மி.மீ. என்று வைத்தோம். பிட்ச் கோட்டுக்கு மேலே பக்கத்திற்கு 3.3 மி.மீ. விட்டால் வெளிவிட்டம் 86.6 மி.மீ. ஆகிறது. கீழே 8.7 மி.மீ. விட்டால் காடியின் மொத்த ஆழம் 12 மி.மீ. விளிம்பின் அகலம் 20 மி.மீ.; அதன் ஒரு பக்கத்தில் 15 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கும் 40 மி.மீ. குமிழ், நடுவில் 19 மி.மீ. துளை.

காடியின் கோணத்தில் நாங்கள் ஒரு மதியம் முழுவதும் நின்றுவிட்டோம். பெல்ட்டின் பக்கங்களுக்கு இடைப்பட்ட கோணம் 40 பாகை. ஆனால் இந்த அளவுள்ள சிறிய புல்லிக்குக் காடியின் கோணம் 34 பாகை. பெல்ட்டுக்கு ஏற்ற காடி பெல்ட்டின் கோணத்திலேயே அல்லவா இருக்க வேண்டும் என்று ஒரு மாணவன் கேட்டான். ஒரு பழைய பெல்ட்டை எடுத்து, அதன் குறுக்குவெட்டு தெரியும்படி அறுத்து, சின்ன வட்டமாக வளைத்துக் காட்டினேன். வளைக்கும்போது பெல்ட்டின் வெளிப்புறம் இழுபட்டுக் குறுகுகிறது. உட்புறம் நெருக்குண்டு புடைக்கிறது. ஆகவே பக்கங்களின் கோணம் குறைந்துவிடுகிறது. வட்டம் சிறியதாக ஆக இந்த மாற்றம் கூடும். அதனால்தான் பெரிய புல்லிக்கு 38 பாகையும் சிறிய புல்லிக்கு 34 பாகையும் வைக்கிறார்கள். பெல்ட் காடியின் அடியில் உட்காரக் கூடாது, பக்கங்களில் ஆப்பைப்போல் செருகி நிற்க வேண்டும் என்பதும் அப்போதுதான் அவர்களுக்குத் துலங்கியது. கோணத்தில் பாதியான 17 பாகையின் சைன் மதிப்பால் 1ஐ வகுத்தால் 3.42 வரும். அதே இழுப்பில் தட்டைப் பெல்ட் தரும் பிடிப்பைப்போல் ஏறத்தாழ மூன்றரை மடங்கு பிடிப்பு இந்த ஆப்பு வடிவத்தால் மட்டுமே கிடைக்கிறது.

முதல் பேட்டர்ன், முதல் தோல்வி

மண்ணில் அச்சுப் பதிக்க மரத்தில் செய்யும் உருவத்தைக் கோவை பவுண்டரிகளில் பேட்டர்ன் என்றே சொல்வார்கள். புல்லியின் வெளிவிட்டம் 86.6 என்றால் பேட்டர்ன் எவ்வளவு இருக்க வேண்டும் என்று கேட்டேன். எட்டுப் பேரும் 86.6 என்றே எழுதினார்கள். அவர்கள் எழுதியபடியே தேக்குத் துண்டில் லேத்தில் கடைந்து தரச் சம்மதித்தேன். வாயால் சொல்லிப் புரியவைப்பதற்கு எடுக்கும் நேரத்தைவிட ஒரு தவறான வார்ப்பை ஊற்றி, ஆறவைத்து, கையில் பிடித்து அளப்பதற்கு எடுக்கும் நேரம் அதிகம்தான்; ஆனால் அந்த வார்ப்பைக் கையில் பிடித்தவர் அதன் பிறகு மறப்பதில்லை என்பது என் அனுபவம்.

வார்ப்பு மண்ணை மாணவர்களே கலந்தார்கள்: 10 கிலோ சிலிக்கா மணல், 700 கிராம் பென்டோனைட் களிமண், 400 மி.லி. தண்ணீர். கைப்பிடி மண்ணை இறுகப் பிடித்துத் திறந்தால் விரல் ரேகை பதிந்திருக்க வேண்டும். நடுவில் ஒடித்தால் உதிராமல் கூரான விளிம்போடு உடைய வேண்டும். தண்ணீர் கூடினால் கையில் ஒட்டும், குறைந்தால் உதிரும். இந்தச் சோதனைக்கு எந்தக் கருவியும் வேண்டியதில்லை. மூன்றாவது முறை கலந்தபோது எல்லாக் கைகளுக்கும் அந்தப் பதம் பழகிவிட்டது.

மண் அச்சுக்கான இரு பெட்டிகளில் கீழ்ப் பெட்டியில் பேட்டர்னைக் கவிழ்த்து வைத்து, பிரியவேண்டிய பரப்பில் காய்ந்த மெல்லிய மணலைத் தூவி, மண்ணைச் சலித்துப் போட்டு, திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கினோம். பேட்டர்னை வெளியே இழுத்தபோது விளிம்பைச் சுற்றியிருந்த மண் ஒரு விரற்கடை அகலத்திற்குப் பெயர்ந்து வந்தது. பேட்டர்னின் பக்கங்கள் நேர்ச் செங்குத்தாக இருந்ததால், அது முழுவதுமாக வெளியேறும்வரை மண்ணை உரசிக்கொண்டே வந்திருக்கிறது. உடைந்த இடத்தைக் கரண்டியால் ஒட்டுப்போட்டு, மேல் பெட்டியை மூடினோம்.

உலோகத்திற்குப் பழைய இருசக்கர வாகன பிஸ்டன்களைத் தேர்ந்தெடுத்தேன். பிஸ்டன் உலோகத்தில் பெரும்பாலும் 12 விழுக்காடு அளவில் சிலிக்கான் இருக்கும். அதனால் அது தண்ணீர்போல் ஓடி அச்சின் மூலைகளை நிரப்பும். குளிர்பான டின்களை உருக்கலாமே என்று மாணவர்கள் கேட்டார்கள். அந்தத் தகடு மிக மெல்லியது. எடைக்கு மேற்பரப்பு அதிகமாதலால் பெரும்பகுதி ஆக்சைடாகிக் கசடாகிவிடும். அதன் கலவையும் வார்ப்புக்கானதன்று. பிஸ்டன்களிலிருந்து வளையங்களையும் எஃகு ஊசியையும் கழற்றி, எண்ணெய்ப் பிசுக்கைச் சோடாக் கரைசலில் கழுவி, வெயிலில் இரண்டு நாள் காயவைத்தோம்.

உருக்கும் வேலையை மாணவர்களிடம் விடவில்லை. இதில் நான் எந்தச் சலுகையும் காட்டுவதில்லை. அவர்கள் மூன்று மீட்டர் தள்ளி, கண்ணாடி அணிந்து, மூடிய தோல் காலணியோடு நின்றார்கள். உலோகம் உருகும் கலமான மூசையைத் தூக்கும் குறடு, கசடு எடுக்கும் கரண்டி, வெப்பத்தை அளக்கும் தெர்மோகப்பிளின் முனை ஆகிய எல்லாவற்றையும் உலையின் வாயில் நன்கு சூடாக்கிய பிறகுதான் உலோகத்திற்குள் விட்டேன். ஒரு துளி தண்ணீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,700 மடங்கு விரிகிறது. உருகிய அலுமினியத்தின் அடியில் சிக்கிய ஈரம் உலோகத்தையே மேலே வாரி அடிக்கும். ஊற்றும் இடத்தின் அடியிலும் சிமெண்டுத் தரை இருக்கவில்லை. காய்ந்த மணலைப் பரப்பியிருந்தோம். சிந்திய உலோகம் சிமெண்டுக்குள் இருக்கும் ஈரத்தை ஆவியாக்கித் தரையையே சில்லுகளாகத் தெறிக்கவைக்கும்.

இரும்பு உருக்கிப் பழகியவர்கள் அலுமினியத்திடம் ஏமாறுவார்கள். தூய அலுமினியம் 660 பாகை செல்சியசிலும், இந்தச் சிலிக்கான் கலவை அதற்கும் குறைவான வெப்பத்திலும் உருகிவிடும். பகல் வெளிச்சத்தில் அந்தச் சூட்டில் அது வெள்ளியாகவே தெரியும், சிவந்து எச்சரிக்காது. அதனால் நிறத்தை நம்பாமல் தெர்மோகப்பிளை நம்பினோம். 720 பாகையில் மூசையை எடுத்து, கசடை ஒதுக்கி, இடைவிடாத ஒரே தாரையாக ஊற்றினேன். உலையில் நீண்ட நேரம் கிளறிக்கொண்டும் காயவைத்துக்கொண்டும் இருந்தால், உருகிய அலுமினியம் காற்றின் ஈரத்திலிருந்து ஹைட்ரஜனை உறிஞ்சிக்கொண்டு, ஆறும்போது அதை ஊசித்துளைகளாக விட்டுவிடும். ஆகவே சூடு ஏறியதும் தாமதிக்கக் கூடாது.

மறுநாள் மண்ணை உடைத்து எடுத்தபோது, வார்ப்பின் விட்டம் 85.5 மி.மீ. இருந்தது. ஒட்டுப்போட்ட இடத்தில் விளிம்பு கோணலாகப் புடைத்திருந்தது. தட்டையாக இருக்க வேண்டிய மேற்பரப்பின் நடுவில், கட்டைவிரல் அமரும் அளவுக்கு ஒரு பள்ளம். 86.6 மி.மீ. பேட்டர்னிலிருந்து, இன்னும் ஒரு சுருள்கூடக் கடையாமலேயே, 1.1 மி.மீ. காணாமற்போயிருந்தது.

அந்த வார்ப்பை உடனே மூசையில் போட்டுவிடாமல், நடுவே ஹேக்சா பிளேடால் அறுக்கச் சொன்னேன். குமிழின் உள்ளே, சரியாகத் துளை வரவேண்டிய இடத்தைச் சுற்றி, சொரசொரப்பான குழிவு ஒன்று இருந்தது. அந்த அறுத்த முகத்தைக் காட்டித்தான் சுருக்கத்தின் மூன்று நிலைகளை விளக்கினேன்: நீர்மமாகவே குளிரும்போது ஒரு சுருக்கம், நீர்மம் திண்மமாகும்போது ஒரு சுருக்கம், திண்மமான பின் அறை வெப்பத்திற்கு வரும்வரை இன்னொரு சுருக்கம். தூய அலுமினியம் உறையும் நிலையில் மட்டும் பருமனளவில் 6 முதல் 7 விழுக்காடு வரை சுருங்குகிறது. சிலிக்கான் கூடினால் இது குறையும், ஆனால் இல்லாமற்போகாது. விளிம்பு முதலில் உறைந்துவிட, தடித்த குமிழ் கடைசியில் உறைகிறது. அப்போது அதற்குத் தரப்பட வேண்டிய உலோகம் எங்கும் இல்லை. பள்ளமும் குழிவும் அந்தப் பற்றாக்குறையின் தடங்கள். மூன்றாவது சுருக்கம்தான் விட்டத்திலிருந்து 1.1 மி.மீ. எடுத்துக்கொண்டது.

பின்னோக்கிக் கணக்கிடுதல்

இந்தக் கட்டத்தில், பக்கத்து ஊரில் ஓய்வில் இருக்கும் மூத்த பேட்டர்ன் கைவினைஞர் ஒருவரைப் பட்டறைக்கு அழைத்தோம். மாணவர்கள் அவரைத் தாத்தா என்றே கூப்பிட்டார்கள். ஓர் அங்குலத்தில் எட்டில் ஒன்றை நூல் என்று சொல்லும் தலைமுறை அவருடையது. தம் பையிலிருந்து அவர் எடுத்த எஃகு அளவுகோல் மாணவர்களைத் திகைக்கவைத்தது: நம் சாதாரண அளவுகோலோடு சேர்த்து வைத்தால் அதன் கோடுகள் எங்குமே பொருந்தவில்லை. அது சுருக்க அளவுகோல். உலோகம் சுருங்கும் விகிதத்திற்கு ஏற்ப ஒவ்வொரு கோடும் முன்கூட்டியே நீட்டப்பட்டிருக்கும். வரைபடத்தில் உள்ள எண்ணை அதில் அளந்து வைத்தால் சுருக்கம் தானாகவே சேர்ந்துவிடும். "இரும்புக்கு வேற கோல், அலுமினியத்துக்கு வேற கோல், கண்ணு. ரெண்டையும் ஒரே பையில போடாதே" என்று சொல்லி, அதை மாணவியின் கையில் கொடுத்தார். வார்ப்பிரும்புக்குச் சுமார் 1 விழுக்காடு, அலுமினியக் கலவைக்குச் சுமார் 1.3 விழுக்காடு, எஃகுக்குச் சுமார் 2 விழுக்காடு என்ற எண்களைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம்.

பிறகு முடிவிலிருந்து தொடக்கத்திற்கு வந்தோம். முடிந்த புல்லி 86.6 மி.மீ. லேத்தில் சுற்றிலும் கடைந்து சுத்தமான உலோகத்தை அடைய, பக்கத்திற்கு 2.5 மி.மீ. வேண்டும்; வார்ப்பு 91.6 மி.மீ. இருக்க வேண்டும். அது 1.3 விழுக்காடு சுருங்கும் என்பதால் அச்சு 92.8 மி.மீ. பேட்டர்ன் மண்ணை உரசாமல் வெளியேற, பக்கங்களில் 2 பாகைச் சரிவு வேண்டும், 25 மி.மீ. உயரத்தில் 2 பாகைச் சரிவு என்பது பக்கத்திற்கு ஏறத்தாழ 0.87 மி.மீ.; ஆகவே பெட்டிகள் பிரியும் பரப்பில் பேட்டர்னின் விட்டம் 94.5 மி.மீ. வரைபடத்தில் 86.6 என்று ஒரே எண்ணாக எழுதியிருப்பதற்குப் பின்னால், வரப்போகும் ஒவ்வொரு கைக்கும் வேண்டிய இடம் விடப்பட்டிருக்கிறது. இதைத்தான் இந்த ஏழு வாரங்களில் மாணவர்களிடம் கொண்டுசேர்க்க விரும்பினேன்: அடுத்து வேலை செய்யப்போகிறவருக்கு என்ன தேவைப்படும் என்று தெரியாமல் எந்த அளவையும் முடிவுசெய்ய இயலாது.

பெல்ட் காடியைப் பேட்டர்னிலேயே செதுக்கிவிட்டால் லேத் வேலை குறையுமே என்ற கேள்வி வந்தது. காடியோடு பேட்டர்ன் செய்தால் மண் அந்தக் காடிக்குள் புகுந்து பூட்டிக்கொள்ளும். பேட்டர்னை வெளியே எடுக்கவே முடியாது. சுவாமிமலையில் சிலை வார்ப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவர்கள் மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் காவிரியின் வண்டல் மண்ணைப் பூசி, சூடாக்கி மெழுகை உருக்கி வெளியேற்றுகிறார்கள். உருவத்தை இழுத்து எடுக்க வேண்டிய தேவையே இல்லாததால் விரல்களுக்கிடையே உள்ள இடைவெளியும் ஆடையின் உள்மடிப்பும் அப்படியே வார்ப்பில் வருகின்றன. அதற்கு விலையாக ஒவ்வொரு சிலைக்கும் ஒரு புதிய மெழுகு உருவமும் ஒரு புதிய அச்சும் வேண்டும். எங்கள் மரப் பேட்டர்னைக் கொண்டு நூறு புல்லிகள் வார்க்கலாம். ஆனால் காடியை லேத்தில்தான் வெட்ட வேண்டும். 19 மி.மீ. துளையையும் கோர் (துளையின் இடத்தை அடைத்து நிற்கும் மண் உருவம்) வைத்து வார்க்காமல் திண்மமாகவே விட்டோம். இவ்வளவு சிறிய துளையைத் துளையிடுவதே எளிது.

நடுக்குழிவுக்கு மருந்து ரைசர். வார்ப்புக்கு மேலே நிற்கும் உலோகத் தேக்கமான அது, வார்ப்பு உறைந்து முடியும்வரை நீர்மமாகவே இருந்து, குறையும் உலோகத்தைத் தந்துகொண்டே இருக்க வேண்டும். எது முதலில் உறையும் என்பதற்குச் செக் நாட்டுப் பொறியாளர் க்வோரினோவ் 1940இல் ஒரு விதியைத் தந்தார்: உறையும் நேரம், பருமனை மேற்பரப்பால் வகுத்து வரும் எண்ணின் இருமடிக்கு (வர்க்கத்துக்கு) நேர்விகிதத்தில் அமையும். எங்கள் வார்ப்புக்கு அந்த எண் ஏறத்தாழ 0.85 செ.மீ. 60 மி.மீ. விட்டமும் 60 மி.மீ. உயரமும் கொண்ட ரைசருக்கு, வார்ப்போடு ஒட்டிய அடிப்பரப்பைக் கழித்துவிட்டால், 1.2 செ.மீ. இருமடி எடுத்து ஒப்பிட்டால், ரைசர் ஏறத்தாழ இரண்டு மடங்கு நேரம் நீர்மமாக இருக்கும். இதில் மாணவர்களை உறுத்திய ஒன்று உண்டு: வார்ப்பின் எடை அரைக் கிலோவுக்குச் சற்று மேல், ரைசரின் எடையும் கிட்டத்தட்ட அரைக் கிலோ. அறுத்து எடுத்துவிடப்போகும் ஒன்றுக்கு இவ்வளவா என்றார்கள். அது வீணாகவில்லை, அடுத்த உருக்கலுக்குத் திரும்புகிறது. ஆனால் அதை உருக்கிய கரியும் நேரமும் திரும்புவதில்லை. பவுண்டரி நடத்துகிறவர்கள் ரைசரின் அளவைப் பற்றி இவ்வளவு யோசிப்பது அதனால்தான்.

சரிவு வைத்த பேட்டர்ன், இலேசாகத் தட்டியதும் மண்ணைவிட்டு வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. இரண்டாம் வார்ப்பின் விட்டம் சிறிய முனையில் 91.7 மி.மீ. ரைசரை அறுத்தபோது அதன் தலையில் ஆழமான குழி இருந்தது. புல்லிக்கு உரிய குழிவு அங்கே இடம் மாறிப் போயிருந்தது.

லேத்தில்

லேத் வேலையில் வரிசைதான் பாதி வேலை. முதலில் விளிம்பை லேத்தின் பிடிப்பானான சக்கில் பிடித்து, குமிழைக் கடைந்து, முகத்தைச் சமன்செய்து, துளையை முடித்தோம். அதன் பிறகு சற்றே சரிவுள்ள உருளைத் தண்டான மேண்ட்ரலில் துளையை இறுக ஏற்றி, இரு மையங்களுக்கிடையே வைத்து, வெளிவிட்டத்தையும் காடியையும் வெட்டினோம். ஒருமுறை சக்கைத் தளர்த்திவிட்டு மறுபடி பிடித்தால், மையம் பத்தில் ஒரு பங்கு மி.மீ. விலகிவிடலாம், புல்லி சுற்றும்போது பெல்ட் ஒவ்வொரு சுற்றிலும் இறுகித் தளரும். வெளிப்பரப்பைத் துளையின் மையத்தையே ஆதாரமாகக் கொண்டு கடைந்தால் அந்தப் பிழைக்கு இடமில்லை.

சுற்று வேகத்தை அவர்களே கணக்கிட்டார்கள். ஹைஸ்பீடு எஃகு உளியால் அலுமினியத்தை நிமிடத்திற்கு 90 மீட்டர் வேகத்தில் வெட்டுவதாகக் கொண்டு, அதை 1000ஆல் பெருக்கி, 3.14ஆலும் விட்டம் 92ஆலும் வகுத்தால் 311 சுற்று. லேத்தில் அதற்கு அருகில் கீழே இருந்த வேகத்தை வைத்தோம். பிஸ்டன் உலோகத்தின் சிலிக்கான் உளியின் முனையைச் சீக்கிரம் மழுக்குகிறது. இரண்டு முறை சாணை பிடிக்க வேண்டியிருந்தது. உலோகம் உளியில் ஒட்டாதிருக்க மண்ணெண்ணெய் தொட்டுக்கொண்டே கடைந்தோம்.

துளையில்தான் நாங்கள் எதிர்பாராத பாடம் காத்திருந்தது. மோட்டார் தண்டின் அளவு 19 ஜே 6 (அனுமதிக்கும் அளவு எல்லையின் குறியீடு), அதாவது 18.996 முதல் 19.009 மி.மீ. வரை. துளைக்கு எச் 7, 19.000 முதல் 19.021 மி.மீ. வரை. இந்த இரு எல்லைகளுக்குள் எந்தத் தண்டும் எந்தப் புல்லியும் சந்தித்தாலும், கையால் அழுத்தி ஏற்றும்படியோ மரச்சுத்தியலால் இலேசாகத் தட்டி ஏற்றும்படியோ பொருந்தும், தளர்ந்து ஆடாது. எந்த ஊரில் செய்த மோட்டாருக்கும் எந்த ஊரில் செய்த புல்லியும் பொருந்துவது இந்த 0.021 மி.மீ. ஒப்பந்தத்தால்தான். 18 மி.மீ. துளையிட்டு, போரிங் உளியால் 18.8 மி.மீ. வரை விரித்து, துளையைச் சரியளவுக்குக் கொண்டுவரும் ரீமரால் முடித்தோம். மூன்று மாணவர்கள் வெர்னியரால் அளந்து 18.98, 19.00, 19.04 என்று மூன்று விடைகள் சொன்னார்கள். 0.02 மி.மீ. மட்டுமே பிரித்துக் காட்டும் கருவியால் 0.021 மி.மீ. அகல எல்லையைத் தீர்மானிக்க முடியாது என்று சொல்லி, இரு முனைப் பிளக் கேஜை எடுத்தேன். அதன் ஒரு முனை நுழைய வேண்டும், மறுமுனை நுழையக் கூடாது. அப்படியே நடந்தது. மகிழ்ச்சியோடு வேலையை நிறுத்தினோம்.

அடுத்த வாரம் அதே கேஜின் நுழைய வேண்டிய முனை நுழையவில்லை.

துளையை யாரும் தொடவில்லை. கேஜும் அதேதான். மாணவர்கள் தூசி, பிசிர், கேஜில் துரு என்று ஒவ்வொன்றாகத் துடைத்துப் பார்த்தார்கள். நானும் சற்று நேரம் குழம்பினேன். பிறகு, ரீமர் ஓட்டி முடித்த கையோடு புல்லியைத் தொட்டபோது அது கை பொறுக்காத சூட்டில் இருந்தது நினைவுக்கு வந்தது. அலுமினியம் ஒரு பாகைக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 23 மைக்ரான் விரியும். 19 மி.மீ. துளை 30 பாகை கூடுதல் சூட்டில் 0.013 மி.மீ. பெரிதாகத் தெரியும், எங்களுக்குக் கிடைத்த மொத்த இடமே 0.021. சூட்டில் 19.008 இருந்த துளை ஆறியதும் 18.995 ஆகியிருக்கும். உலகெங்கும் அளவுகளை 20 பாகை செல்சியசுக்கு என்று நிர்ணயித்திருப்பதன் காரணத்தை அந்தக் கேஜ் காட்டியதைப்போல் என்னால் சொல்லியிருக்க முடியாது. ஆறிய புல்லியில், மண்ணெண்ணெயை ஊற்றிக்கொண்டே, கையால் மெதுவாக ரீமரை மறுபடி ஓட்டினோம். ஒரு மணி நேரம் காத்திருந்து கேஜை வைத்தோம். அன்றும் மறு வாரமும் அது நுழைந்தது.

காடியின் கோணத்தை வெட்டும்போது, குறுக்குச் சறுக்கியின் மேல் உளியைத் தாங்கியிருக்கும் சிறு சறுக்கியை ஒரு மாணவன் 34 பாகைக்குத் திருப்பிவைத்தான். ஒவ்வொரு பக்கமும் 34 என்றால் முழுக்கோணம் 68 ஆகிவிடும். வைக்க வேண்டியது 17. அட்டையில் வெட்டி வைத்திருந்த 34 பாகை அச்சை உளியின் பாதையோடு வைத்துப் பார்க்கும் பழக்கம் இருந்ததால், உலோகத்தைத் தொடும் முன்பே அவனே கண்டுபிடித்துவிட்டான். 12 மி.மீ. ஆழத்தில் காடியின் அடி அகலம் 5.7 மி.மீ.தான் இருக்கும் என்பதால், முதலில் 5 மி.மீ. வெட்டுளியால் நேராக இறங்கி, பிறகு இரு பக்கங்களையும் சரித்தோம்.

சாவிக் காடிக்கு எங்களிடம் தனி இயந்திரம் இல்லை. போரிங் தண்டில் 6 மி.மீ. உளியைப் படுக்கவைத்து, சக்கைச் சுற்றவிடாமல் பூட்டி, லேத்தின் வண்டியைக் கையால் முன்னும் பின்னும் தள்ளி, ஒவ்வொரு தடவைக்கும் 0.05 மி.மீ. வீதம் இறங்கினோம். குமிழில் 2.8 மி.மீ. ஆழத்தை எட்ட 56 தடவை. பிசிர் நீக்க ஒரே ஆழத்தில் மேலும் சில தடவை. உளியின் இரு மூலைகளையும் எண்ணெய்க்கல்லில் இலேசாக உருட்டியிருந்ததால், காடியின் மூலைகளும் உருண்டே வந்தன. சாவியின் மேலே அழுத்தி நிற்க ஒரு 6 மி.மீ. மரையாணி.

ஏழாவது வாரம் புல்லியை எடுத்துக்கொண்டு அந்த மாணவியின் வீட்டுக்குப் போனோம். கடையில் வாங்கியதைக் கழற்றி உபரியாக எடுத்துவைத்தோம். எங்களுடையது, மரச்சுத்தியலின் நான்கு மெல்லிய தட்டில் தண்டில் ஏறி நின்றது. இரு புல்லிகளின் முகங்களுக்கும் குறுக்கே நூல் இழுத்துப் பிடித்து நேர்வரிசையைச் சரிசெய்து, பெல்ட்டை மாட்டி, வெட்டுமிடத்திற்குக் காப்புத் தகட்டை மூடிய பிறகுதான் சுவிட்சைப் போட விட்டேன்.

இரண்டு மாதம் கழித்துப் பெல்ட்டைக் கழற்றிப் பார்த்தோம். காடியின் இரு சரிவுகளும் கண்ணாடிபோல் பளபளப்பாக இருந்தன. அடியில் உளி விட்டுச்சென்ற வளையக் கோடுகள் ஒன்றுகூட அழியவில்லை. மாணவி சாவியை விரலால் அசைத்துப் பார்த்தாள், அசையவில்லை. பெல்ட்டைத் திரும்ப மாட்டினோம்.